குடிக்காதீங்க ஐயா!

கண்ணுங்களா, போன டிசம்பரில் நீங்கள் இரண்டு பேரும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது இது. தி.நகரில் நான் வேலை பார்க்கும் புடவைக் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு அம்மா, "நாங்க ஊர்ல இருக்க மாட்டோம், நீங்க ஆத்துக்காரியோட போய்ட்டு வாங்கோ" என்று இரண்டு நாடக டிக்கெட் கொடுத்தார். மயிலாப்பூரில் ஒரு சபா. சினிமாவை விட்டால் வேறெதுவும் தெரியாத நான், இந்த வயதில்தான் முதல்முறையாக மேடை நாடகம் பார்த்தேன்.

மூன்றாவது வரிசை. நடிகர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கதை, கண் பார்வை போய்க்கொண்டிருக்கும் ஒரு வயதான அப்பாவைப் பற்றியது. விஷயம் தெரிந்தால் மகன் வெளிநாட்டு வேலைக்குப் போகாமல் நின்றுவிடுவான் என்று மறைக்கிறார். போடாத டிவி முன்னால் உட்கார்ந்து, "மேட்ச் பிரமாதம்டா" என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஒரு காட்சியில் அவர் இருமல் மருந்தைத் தேடுகிறார். அலமாரியைத் தடவி, மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைல பாட்டிலை எடுத்துவிடுகிறார். மூடியைத் திறந்து வாய்க்குக் கொண்டுபோகிறார். நாடகம் என்பதே எனக்கு மறந்துபோய்விட்டது. எழுந்து நின்று, "ஐயா, குடிக்காதீங்க! அது தைலம்!" என்று கத்திவிட்டேன்.

சபா முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒருத்தர், "டிக்கெட்டோட டயலாக்கும் குடுத்துட்டாங்களா சார்?" என்றார். உங்கள் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருய்யா! மானம் போவுது. இதுக்குத்தான் சினிமாவுக்கே போலாம்னு சொன்னேன்."

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பாடுபட்டு நடிக்கிறவருடைய நாடகத்தைக் கெடுத்துவிட்டோமே, இருட்டோடு இருட்டாக வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

மேடையில் அவர் பாட்டிலை மெதுவாகக் கீழே இறக்கினார். சிரிப்பு அடங்கும்வரை அசையவில்லை. பிறகு, கண் தெரியாதவர்கள் சத்தம் வந்த பக்கம் காதைக் கொடுப்பார்களே, அப்படி என் பக்கம் திரும்பினார்.

"யாரு, எதிர்வீட்டுத் தம்பியா? ஜன்னல் வழியா பாத்துட்டியா? நல்லவேளை, காப்பாத்துன." குரலைத் தாழ்த்தினார். "என் கண்ணு விஷயம் உனக்குத் தெரிஞ்சுபோச்சு. எம் புள்ளைகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா."

அப்புறம் எழுந்தது பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல்! கிண்டல் செய்தவரே என் தோளைத் தட்டினார். உங்கள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்ல மாட்டேன்னு சொல்லேன்யா" என்றாள். நான் மேடையைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

முடிந்ததும் மன்னிப்புக் கேட்க மேடைக்குப் பின்னால் போனேன். தலையில் பூசியிருந்த வெள்ளைப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைவிட இளையவர்! "மன்னிப்பா? எங்கம்மாவே என்னைக் கெழவன்னு நம்பல சார். நீங்க நம்புனீங்களே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் என்னைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். கேலியாக ஒரு வார்த்தை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அதைச் செய்யாமல் என்னையும் கதையில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை, கடைக்கு யாரும் வருவதற்கு முன்னால், புடவை விரித்துக் காட்டும் மெத்தையில் ஏறி நின்று கண்ணை மூடி, அவர் சொன்னதை அப்படியே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஆளில்லாத கடையிலேயே என் குரல் நடுங்கியது. அத்தனை பேர் முன்னால், முன்பின் தெரியாத ஒருவனுக்காக அவருக்கு நடுங்கவில்லையே என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.