சாம்பல் பூசிய பலாக்கொட்டைகள்

எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடி மரியாதை விதைக்குத்தான். சோளமோ அவரையோ, விதைக்கென்று எடுத்து வைத்துவிட்டால் அதை மூன்று நாள் வெயிலில் காயப்போட்டு, அடுப்புச் சாம்பலில் புரட்டி, நொச்சித் தழையோடு மண்பானையில் போட்டு வாயைக் கட்டிவிடுவார்கள். அந்தப் பானையைத் தொட்டால் கை விளங்காமல் போய்விடும் என்று சொல்லியே எங்களை வளர்த்தார்கள். அவ்வளவு பக்தியாலேயே ஒரு விதையைக் கொன்றுவிடவும் முடியும் என்று எனக்கு ஒன்பது வயதில் தெரியவந்தது.

அம்மாவின் தம்பி பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் கிழக்கு எல்லையில் நடந்த சண்டை ஓய்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. ஆனி மாதக் கடைசியில் இரண்டு மாத விடுப்பில், ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். தாய் தகப்பன் இல்லாதவர், கல்யாணமும் ஆகவில்லை, விடுப்பு என்றால் அவருக்கு எங்கள் வீடுதான். டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது நான் மிட்டாயை எதிர்பார்த்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே எடுத்தது ஓர் அலுமினியத் தூக்குப்போசி. அதற்குள் ஈர மணல். மணலுக்குள் ஒன்பது பலாக்கொட்டைகள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொல்லிமலைப் பலா சீசனில் எங்கள் பக்கத்துச் சந்தையெல்லாம் குவிந்து கிடக்கும். கத்தரிக்காயோடு பலாக்கொட்டை போட்ட குழம்பைத் தின்று தின்று எங்களுக்குச் சலித்துப் போயிருந்தது. அதைப் போய் நாலைந்து நாள் ரயிலில் தூக்கிக்கொண்டு வருகிற ஆள் எங்கள் மாமாவாகத்தான் இருக்க முடியும்.

ஆனால் மாமா அதன் கதையைச் சொன்னார். சண்டையைப் பற்றி அவர் வாய்திறந்து சொன்னது அந்த ஒரு கதைதான். எல்லையோரத்தில் ஒரு கிராமம். குண்டு விழுந்ததில் வீடுகளும் தென்னைகளும் மூங்கில் புதர்களும் போய்விட்டன. ஒரு பெரியவரின் வாசலில் நின்ற பலாமரம் மட்டும் ஒரு பக்கம் கரியாகவும் மறுபக்கம் பச்சையாகவும் தப்பித்து நின்றது. பச்சைப் பக்கத்தில் அந்த வருஷமும் காய்த்தது. பெரியவர் முகாமிலிருந்த நான்கு லாரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பழத்தை வெட்டிக் கொடுத்து, ஆளுக்கு ஒன்பது கொட்டைகளைக் கையில் வைத்தாராம். ஒருவர் பஞ்சாபி, ஒருவர் மலையாளி, ஒருவர் மராட்டியர், நான்காவது மாமா. அவரவர் ஊரில் நடுங்கள், முளைத்தால் எனக்கு எழுதுங்கள், இந்த மரத்தின் பிள்ளைகளாவது சண்டையில்லாத ஊரில் நிற்கட்டும் என்றாராம். அப்பாவுக்கும் மேல்தோட்டத்துக்காரருக்கும் வாய்க்கால் தண்ணீருக்காக மண்டை உடைந்து கேஸ் நடந்துகொண்டிருந்த வருஷம் அது என்பதை மாமாவிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை.

ரயிலைவிட்டு இறங்கியதும் நட்டுவிட வேண்டும், ஈரம் காயக்கூடாது என்று பெரியவர் சொல்லியிருந்தார். மாமா மண்வெட்டியைத் தேடினார். அப்பாதான் தடுத்தார்.

“ஈரத்தோட வெச்சா பூஞ்சை புடிச்சுப் போகும் மாப்பள. ஆடிப் பதினெட்டுக்கு நட்டுக்கலாம். வெதைய வெதையாட்டம் வெக்கோணும்.”

வெள்ளாமை விஷயத்தில் எங்கள் வீட்டில் அப்பா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மாமாவோ பதினெட்டு வயதில் ஏரைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். ஏதோ சொல்ல வந்து, சரிங்க மச்சான் என்று மட்டும் சொன்னார். அம்மா கொட்டைகளைக் கழுவித் துடைத்து முறத்தில் பரப்பிக் களத்தில் வைத்தாள். காக்காயும் அணிலும் வராமல் நீளக் குச்சியோடு காவல் இருந்தவள் நான். மூன்று நாளும் நகரவில்லை. பிறகு சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டோம். மரத்தில் ஈரத்தோடு பிறந்து ஈரத்திலேயே முளைக்கிற அந்தக் கொட்டை காய்ந்தால் செத்துவிடும் என்று சோளமும் அவரையும் விதைக்கிற எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று கிணற்றோரம் ஒன்பது குழி வெட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி நட்டோம். மறுநாளிலிருந்து மாமா காலையில் எழுந்ததும் நேரே கிணற்றடிக்குத்தான் போவார். குழிகளுக்கு நடுவில் குந்திக்கொண்டு மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பார். நாள் போகப் போகச் சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று குழிப்பக்கம் போனதற்காக என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை. ஒரு நாள் மத்தியானம் அவர் ஒரு குழியைத் தோண்டிக் கொட்டையை எடுத்து நகத்தால் பிளந்ததைப் பார்த்தேன். உள்ளே பழுப்பாக, கூழாக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்து மாமா கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரச் சந்தையில் அம்மா கால் பலாப்பழம் வாங்கிவந்தாள். சுளையை எல்லாரும் தின்றார்கள். கொட்டையில் மூன்றை நான் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டேன். மாமா முடிவெட்டப் போயிருந்த நேரத்தில் மூன்று குழிகளில் பழைய கொட்டைகளை எடுத்து வாய்க்காலில் வீசிவிட்டு, புதியவற்றைப் பதமாக வைத்து மூடினேன். அப்படியொரு பெரிய புண்ணியத்தை ஊரில் யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

விடுப்பு முடிய நான்கு நாள் இருந்தபோது ஒரு குழியில் மண் வெடித்து முளை தெரிந்தது. மாமா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். காவல் காத்த என் கைராசிதான் என்று என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவர் பட்டாளத்துக்குத் திரும்பியதும் கூட இருந்த ஒரு வங்காளிச் சிப்பாயிடம் சொல்லி அந்தப் பெரியவருக்குக் கடிதம் எழுதினாராம். சேலத்துச் சீமையில் உங்கள் மரம் முளைத்துவிட்டது என்று.

அடுத்த வருஷ விடுப்பில் மாமா வந்தபோது கன்று என் இடுப்பு உயரம் இருந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. கிணற்றடியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மலையாளி நண்பரிடமிருந்து கடிதம் வந்திருந்ததாம். தான் வீட்டுக்குப் போன அன்றே நட்டதாகவும் ஒன்பதில் ஏழு முளைத்ததாகவும், பலாக்கொட்டையைக் காயவைத்தவன் எவனும் அதை முளைக்க வைத்ததில்லை என்றும் அவர் எழுதியிருந்தார்.

“அம்மிணி, இது யாரு நட்டது?”

நான் சொல்லிவிட்டேன். இன்னோர் அறைக்குத் தயாராகக் கன்னத்தையும் பொத்திக்கொண்டேன். மாமா அடிக்கவில்லை. கன்றைப் பிடுங்கவும் இல்லை. அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பெரியவருக்கு உண்மையை எழுதிவிட வேண்டும், உன் கையாலேயே எழுது என்றார்.

வீட்டில் பெரிய வாக்குவாதம் வந்தது. பலா பலாதானே, எந்த மரத்துப் பிள்ளையாக இருந்தால் என்ன என்றார் அப்பா. அவர் காயவைக்கச் சொன்னது பற்றிய பேச்சு எழாமல் பார்த்துக்கொள்வதில் அவருக்கு அக்கறை இருந்தது. அம்மாவுக்கு என்மேல் இரக்கம்.

“அவரென்ன ரயிலேறி வந்து பாக்கப் போறாரா? மொளச்சுதுன்னு நெனச்சுக்கிட்டுச் சந்தோசமா இருந்துட்டுப் போகட்டுமே.”

“எல்லார்த்துக்கும் அப்படித்தாங்க்கா தோணுது,” என்றார் மாமா. “சந்தோசமா இருக்கட்டும்னுதான்.”

நான் என் கோடுபோட்ட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். உங்கள் கொட்டைகளை நாங்கள் காயவைத்துக் கெடுத்துவிட்டோம், இங்கே முளைத்திருப்பது கொல்லிமலைப் பலா, மாற்றி வைத்தது நான், மாமாவுக்குத் தெரியாது, மன்னித்துவிடுங்கள். நான் தமிழில் எழுதியதை மாமா இந்தியில் சொல்ல, சிப்பாய் அதை வங்காளியில் எழுதுவதாக ஏற்பாடு. என் குற்றம் மூன்று பாஷையில் தெரியப்போகிறதே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

நான் எழுதி முடித்ததும் மாமா இன்னொரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டு கிணற்றுக்கு அந்தப் பக்கம் போனார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ எழுதினார். எழுதியதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். என்னைப் பற்றி இன்னும் கோள் சொல்லி எழுதியிருக்கிறார் என்று எனக்கு ஒரே கோபம். அவர் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்று போய் வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் சோளக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வாரேன் அம்மிணி, வாரேன் அம்மிணி என்று அவர் வரப்பில் நின்று இரண்டுமுறை கூப்பிட்டது கேட்டது. நான் வரவில்லை.

எண்பதுகளில் என் கல்யாணத்துக்கு மளிகைச் சாமான் வாங்க அவரும் நானும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டாளத்திலிருந்து வந்து அவர் சொந்தமாக லாரி வைத்திருந்த சமயம். ஏதோ பேச்சுவாக்கில் சிரித்துக்கொண்டே கேட்டேன், அன்றைக்கு ரெண்டாவது தாளில் என்னைப் பற்றி என்னவெல்லாம் எழுதினீர்கள் மாமா என்று.

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவருக்கு ஒரே மகன், சண்டை தொடங்கிய முதல் வாரத்தில் காணாமல் போனவன் என்றார். பெரியவர் மகனின் போட்டோவை வைத்துக்கொண்டு வருகிற லாரியையெல்லாம் நிறுத்திக் கேட்பார். பார்க்கவில்லை என்பார்கள். அவர் சோறு தண்ணீர் இறங்காமல் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு நாள் மாமா, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு முகாமில் பார்த்தேன், நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் பெரியவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, அந்த மரத்துப் பழத்தை வெட்டினார்.

“அந்தத் தாள்ல ஒரே வரிதான் அம்மிணி எழுதுனேன். ‘உங்க பையன நான் பாக்கவே இல்லீங்க’ன்னு.”

பதில் வந்ததா என்று நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவர் அந்த ஒரு வரியை எழுத ஒரு வருஷம் முழுக்கத் தைரியம் தேடியிருக்கிறார். கடைசியில் அது அவருக்கு என்னிடமிருந்து கிடைத்திருக்கிறது. நானோ சோளக்காட்டுக்குள் உட்கார்ந்து, அவர் கூப்பிடக் கூப்பிட வாயை மூடிக்கொண்டிருந்தேன்.