பாகாலாவில் இறக்கிவிடப்பட்டவர்கள்

திருப்பதியில் நான் படித்த கல்லூரியில் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்த பிறகுதான் உள்ளே இன்னொரு வாசல் இருப்பது தெரிந்தது. இருபது பேர் மட்டும் கொண்ட ஒரு கிளப். அதில் இருந்து படித்து முடித்தவர்கள் பெரிய கம்பெனிகளில் இருந்தார்கள். கோடை விடுமுறை வேலைக்கு கிளப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவார்கள். அதற்காகத்தான் நானும் முட்டி மோதினேன்.

சேர ஒரு சோதனை உண்டு. காலையில் காரில் கூட்டிப்போய், போனையும் பர்ஸையும் வாங்கிக்கொண்டு பாகாலாவில் இறக்கிவிடுவார்கள். தெரிந்தவர் யாருடைய உதவியும் இல்லாமல் மாலைக்குள் திரும்பி, வந்த கதையை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். ஹைதராபாத் பிள்ளைகளுக்குப் பாகாலா, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல. எனக்கோ அங்கே, ஸ்டேஷனுக்குப் பின்னால், தாய்மாமன் வீடு.

எங்கள் ஊர் ராமகுப்பம் பக்கத்தில். அங்கே எங்களுக்குக் காணி நிலமும் இல்லாத காலத்தில் கூலி தேடிப் பாகாலா வந்து, அங்கேயே தங்கிவிட்டவர் மாமா. அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். பர்ஸ் தொலைந்துவிட்டது என்று அவரிடம் அளந்தேன்.

"மூஞ்சி இன்னாடா மாப்ள இப்டி வாடிக்கீது? மொதல்ல துன்னு, அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

சாப்பிட்டேன், தூங்கினேன், அவர் தந்த காசில் பஸ் ஏறினேன். கிளப்பில் என்ன சொன்னேன் தெரியுமா? மண்டியில் மூட்டை தூக்கி, அந்தக் கூலியில் வந்தேன் என்றேன். சாக்கு கழுத்தை எப்படி அறுக்கும், இரண்டாவது மூட்டையிலேயே முழங்கால் எப்படி நடுங்கும் என்று மாமா சோறு போட்டபடி சொன்னதையெல்லாம் என் உடம்புக்கு மாற்றிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். கூச்சப்பட வேண்டிய நான் பூரித்துப் போனேன், அதுதான் உண்மை.

இரண்டு வருடம் கழித்து, சத்தியவேடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் சோதனைக்கு நின்றாள். மெஸ்ஸில் என்னோடு தமிழ் பேசும் ஒரே ஜூனியர். மற்றவர்களுக்காகக் கம்பெனிகளுக்குப் போன் போட்டுச் சொல்ல அப்பாக்கள் இருந்தார்கள். "எங்க நைனாவுக்கு கம்பெனில யாரத் தெரியும்ணா? இந்த கிளப்பு கெடச்சாதான் உண்டு" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

அவளையும் பாகாலாவில் விட்டார்கள். திரும்பி வந்து, எந்த ஒப்பனையும் இல்லாமல் தெலுங்கில் சொன்னாள்: அங்கே அவளுடைய சின்னம்மா இருக்கிறாள், போனாள், சாப்பிட்டாள், பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு வந்தாள். சின்னம்மா இருக்கிற ஊரில் வேறு எங்கே போவது என்று எங்களையே கேட்டாள். அறையே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. அவளை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, இவளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றான் தலைவன். கைகள் உயர்ந்தன.

எனக்கு வயிறு எரிந்தது. நான் பொய் சொல்லி வாங்கியதை இவள் உண்மையைச் சொல்லியே வாங்கிக்கொண்டு போகிறாளே! மாமாவை நான் ஒளித்தது எதற்கு? அவரையும் சொல்லியிருக்கலாம், அவருக்காகவும் இப்படிச் சிரித்திருப்பார்கள் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருவர் மறுத்தாலும் சேர்க்கக் கூடாது என்பது கிளப்பின் விதி. தெரிந்தவர் உதவியோடு வந்தது தவறு, என்னால் ஒப்புக்கொள்ள முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூட்டை தூக்கி வந்தவன் சொல்கிறான், நியாயம்தான் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

வெளியே படிக்கட்டில் அவள் நின்றிருந்தாள். மறுத்தது நான்தான் என்று அதற்குள் அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"நீங்க மூட்ட தூக்கிக்கினு கஷ்டப்பட்டு வந்தீங்களாமே. நான் நோவாம சோறு துன்னுட்டு வந்துட்டேன். ஒங்களுக்குக் கோவம் வராம இருக்குமா? நீங்க சொன்னதுல தப்பில்லண்ணா" என்றாள்.

பரவாயில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.