சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாய்

சுத்தம் என்று வந்தால் நான் ஒரு பேய். யுத்தம் முடிந்த அந்த வருடம் மட்டக்களப்பில் ஒரு பிரசவ வார்டில் தாதியாக இருந்தேன். தட்டுப்பாட்டுக் காலத்துப் பழக்கத்தில் கண்ணாடிச் சோதனைக் குழாய்களை எறியாமல், சவர்க்காரம் போட்டுப் பளபளவென்று கழுவி அடுக்கிவைப்பேன். எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கும் அதில் தலைக்கனம்தான்.

அன்று கொக்கட்டிச்சோலைப் பெண் ஒருத்திக்குச் சத்திரசிகிச்சை செய்து பிள்ளை எடுத்தார்கள். பிள்ளை வீரிட்டு அழுதது. அந்த நேரம் பார்த்து, கருப்பையில் திறந்திருந்த இரத்த நாளம் வழியே காற்றுப் புகுந்து தாயின் இதயம் தடுமாறியது. மயக்க மருந்து டொக்டர் அவளை இடப்பக்கம் சரித்துப் போராடி மீட்டார். அப்பாடா என்றிருந்தோம். கொஞ்ச நேரத்தில் பல் முரசிலும் ஊசி குத்திய இடத்திலும் இரத்தம் கசியத் தொடங்கியது. இப்படிக் காற்றுப் புகுந்தால் சிலருக்கு இரத்தம் உறையும் தன்மையே கெட்டுவிடும்.

புது இரத்தம் ஏற்றினோம். "இனியும் உறையாட்டிக் கருப்பைய எடுக்கத்தான் வேணும்" என்றார் பெரிய டொக்டர். சுனாமியில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள்.

அவள் இரத்தத்தைக் குழாயில் எடுத்து, உறைகிறதா என்று பார்க்க இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்தேன். தண்ணீராய் ஓடியது. பெரிய டொக்டரிடம் காட்டத் திரும்பினேன்.

கதவடியில் நின்ற அவள் கணவர் எட்டிப் பார்த்தார். வயல் வேலைக்காரர். "மிஸ்ஸி, வயல் வட்டைக்குள்ள எனக்கு விரியன் கடிச்ச நேரமும் இந்தச் சோதனைதான் பாத்தவங்க. புதுக் குழாய்தான் வேணும், சவர்க்காரம் பட்டா ரெத்தம் உறையாது எண்டு டொக்டர் ஏசினவரு. இது கழுவினதா?"

ஓம், கழுவினது. கழுவியது நான்.

பாம்புக்கடி வார்டுக்கு ஓடினேன். வயதையும் மறந்து ஓடினேன். புதுக் குழாயோடு வந்து, "டொக்டர், இன்னும் இருபது நிமிசம் தாங்க!" என்று கெஞ்சினேன். கசிவும் குறைந்திருந்ததால் அவர் தலையாட்டினார். மணிக்கூட்டு முள்ளைப் பிடித்துத் தள்ளலாம் போலிருந்தது.

சரித்தேன். அசையவில்லை. தலைகீழாய்க் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை!

"உறைஞ்சிட்டு!" என்று வார்டே அதிரக் கத்தினேன். கணவர் நிலத்தில் குந்தி அழுதார். நானும் அழுதேன், வெட்கத்திலும் சந்தோஷத்திலும்.

மூன்றாம் வருடம் அவள் மறுபடியும் வயிற்றோடு வந்தாள். பின்னால் வந்த கணவர் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"மிஸ்ஸி, குழாய் புதிசுதானே?" என்றார்.