காரணங்களை நம்பாத வசந்தாமணி மேடம்

வசந்தாமணி மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் திருச்செங்கோட்டில் ஈரோட்டுப் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் பழைய மாணவி ஒருத்தி அலைபேசியில் அனுப்பியிருந்தாள். மாலை போட்ட படம், கீழே இரண்டு வரி. நான் உடனே நம்பவில்லை. மேடத்தின் தம்பியைக் கூப்பிட்டேன். "ஆமாங்க சார், விடியக்காலம் தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். பள்ளிபாளையத்தில் அவர் வீட்டு வாசலில் பந்தலைப் பார்க்கும்வரை, யாரோ எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அவரோடு ஒரே அறையில் பல வருடம் உட்கார்ந்தவனுக்கு அப்படித்தான் இருக்கும்.

அவரிடம் படித்தவர்களுக்கும் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவருடைய சந்தேகம்தான். குழந்தை உளவியல் பாடத்தை நாங்கள் இருவரும் பங்கிட்டு நடத்தினோம். சிந்தனை படிப்படியாக வளர்கிறது, இந்த வயதில் இது வரும், அடுத்த வயதில் அது வரும் என்று நான் பலகையில் படிக்கட்டு வரைந்து விளக்குவேன். அடுத்த வகுப்புக்கு வருகிற அவர் அதை அழிக்க மாட்டார். "சார் போட்ட படியில எந்தக் குழந்தையாச்சும் ஏறிப் போனதப் பார்த்தீங்களா?" என்று மாணவிகளைக் கேட்பார். என்னை அவர்கள் முன்னால் சிறுமைப்படுத்தப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் கேட்டே விட்டேன். "உங்களச் சந்தேகப்படலீங்க சார், படியத்தான் சந்தேகப்படறேன்" என்றார். எனக்கு அந்தப் பதிலிலும் முழு நம்பிக்கை வரவில்லை.

கல்லூரியோடு சேர்ந்த பள்ளியில் ஒரு மாணவி செய்முறைப் பயிற்சிக்காக, ஒரு குட்டை டம்ளரிலிருந்த தண்ணீரை நெட்டை டம்ளருக்கு மாற்றிக் காட்டி, இப்போது தண்ணீர் கூடியிருக்கிறதா என்று ஒரு பையனைக் கேட்டாள். அவன் அதேதான் என்றான். அவள் மறுபடியும் கேட்டாள். கூடிவிட்டது என்றான். அந்த வயதுக்கு உரிய பதில் என்று நாங்கள் தலையாட்டினோம். மேடம் மட்டும் அவனை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏன் மாற்றிச் சொன்னாய் என்று விசாரித்தார். மிஸ் இரண்டாம் முறை கேட்டால் முதலில் சொன்னது தப்பு என்றுதானே அர்த்தம் என்றானாம். "நாம அவனச் சோதிச்சுட்டு இருந்தோம் சார். அவன் நம்மளச் சோதிச்சு முடிச்சுட்டான்" என்றார் மேடம். அதற்காக எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது என்று அடுத்த நிமிடமே சேர்த்துக்கொண்டார்.

தர்ஷிகாவின் விஷயத்தை அறிந்தவர்கள் சிலரே. அதை எழுத வேண்டும்.

அந்தப் பள்ளியின் தாளாளர் ஒரு நிறுவனத்தாரை அழைத்து வந்திருந்தார். குழந்தையின் விரல்ரேகையைக் கருவியில் பதிந்தால் அதன் அறிவும் குணமும் தெரிந்துவிடும் என்றார்கள். யு.கே.ஜி.யில் இருந்த தர்ஷிகா, சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் வாயே திறக்காத குழந்தை. அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். அம்மா பள்ளிபாளையத்தில் விசைத்தறிக்குப் போகிறவர். பிறவியிலேயே ஒடுங்கிய சுபாவம், மொழித்திறன் குறைவு என்று அறிக்கை வந்தது. மெதுவாகக் கற்பவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த பிரிவுக்கு மாற்றிவிடலாம் என்றார் தாளாளர். அந்தப் பிரிவுக்குப் போன குழந்தை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மேடம் தாளாளரிடம் போய், கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார். முதல்வர் பதவி தனக்குக் கிடைக்காத கோபத்தை இதில் காட்டுகிறார் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படி இருக்கலாம் என்றே நினைத்தேன். அந்த நிறுவனத்தாரிடம் நான் ஏதாவது வாங்கியிருப்பேனோ என்று அவர் நினைத்ததாகப் பிறகு தெரிந்தது. மேசையின் இரண்டு பக்கமும் சந்தேகத்தோடுதான் டீ குடித்தோம்.

அவர் தினமும் காலையில் பள்ளி வாசலில் போய் நின்றார். குழந்தை எப்படி வருகிறது, யாரோடு வருகிறது என்று பார்ப்பதற்கு. ஒருநாள் நேராக எங்கள் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமலேயே சொன்னார். தர்ஷிகாவை மொபெட்டிலிருந்து இறக்கிவிடும்போது அவள் அம்மா ஒன்றைச் சொல்லியே அனுப்புகிறாராம். "ஸ்கூல்ல பேசாம இருக்கோணும் சாமி, செரியா?"

குறும்பு செய்யாமல் இரு என்பதைத்தான் நம் ஊரில் எல்லா அம்மாக்களும் அப்படிச் சொல்கிறார்கள். குழந்தை அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

நான் எழுந்தே விட்டேன். சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் பிடித்துக்கொள்கிற வயது, பாடத்தில் இருப்பதுதான் என்றேன்.

"ரொம்ப அழகாப் பொருந்துதுங்க சார்" என்றார் மேடம். "அதனாலயே எனக்குச் சந்தேகமா இருக்குது."

மறுநாள் அந்த அம்மாவிடம் பேசி, வேறு மாதிரி சொல்லி அனுப்பச் சொன்னார். அவரும் கூச்சத்தோடு, "போயி நல்லாப் பேசீட்டு வா சாமி" என்றார். குழந்தை அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனது. அன்றும் பேசவில்லை. அடுத்த நாட்களிலும் இல்லை. தாளாளர் எதிரே வரும்போதெல்லாம் சிரித்தார். மேடம் சரியாகச் சாப்பிடவில்லை. நாம் நினைத்தது தப்பென்றால் குழந்தையின் நாட்களைத்தான் வீணடித்திருக்கிறோம் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் குரல் இறங்கி நான் கேட்டது அப்போது மட்டும்தான்.

இதற்கிடையே பொங்கலுக்குத் தர்ஷிகாவின் அப்பா ஊருக்கு வந்தார். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவு எடுத்தார். எப்படியும் பதில் வராது என்ற பழக்கத்தில் தர்ஷிகாவின் பெயரைத் தாண்டிப் போனார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸ், என் பேர உட்டுட்டீங்க."

ஆசிரியை ஓடி வந்து மேடத்திடம் சொன்னார். மேடம் போய்ப் பார்க்கவில்லை. எல்லாரும் போய் நின்றால் அது மறுபடி வாயை மூடிக்கொள்ளும் என்றார். மதியம் வகுப்பு ஜன்னலைத் தாண்டி மெதுவாக ஒருமுறை நடந்து போனார், அவ்வளவுதான்.

தர்ஷிகா தன் வகுப்பிலேயே இருந்தாள். ஆனால் விரல்ரேகைக் கருவி பள்ளியை விட்டுப் போகவில்லை. இந்தக் குழந்தை பின்னால் மலரும் என்று அறிக்கையிலேயே இருக்கிறதே என்று நிறுவனத்து ஆள் ஒரு வரியைக் காட்டினார், தாளாளர் ஏற்றுக்கொண்டார். அடுத்த கல்வியாண்டில் அந்தப் பள்ளியின் பயிற்சிப் பொறுப்பிலிருந்து மேடத்தை எடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை.

தர்ஷிகாவின் கதையை என் வகுப்பில் உதாரணமாகச் சொல்ல விரும்பினேன். அவர் தடுத்தார். "அம்மா மாத்திச் சொன்னதாலயா, அப்பா வந்ததாலயா, டீச்சர் பேர உட்டதாலயா? நமக்கு என்ன தெரியும் சார்? தெரியாததக் கதையாக்கிப் புள்ளைங்ககிட்டச் சொல்லீராதீங்க" என்றார். இப்போது எழுதிவிட்டேன். மூன்றையும் எழுதியிருக்கிறேன், மேடம்.

இழவு வீட்டில் எல்லாரும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதில் அப்பன் விட்டுவிட்டுப் போனதால்தான் யாரையும் நம்பாமல் ஆகிவிட்டது என்றார் ஓர் உறவுக்காரர். இரண்டாம் வகுப்பில் மக்கு என்று கடைசி வரிசையில் உட்காரவைத்தார்களே, அந்த ரோஷம் என்றார் இன்னொருவர். ஒரு பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க மனசப் பத்திப் பாடம் நடத்தறவரு. அந்தப் புள்ள ஏன் அப்படி இருந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

சொல்வதற்கு என்னிடம் விஷயம் இருந்தது. அப்பனை இழந்த குழந்தையைப் பற்றி ஒரு முழு வகுப்பு நடத்துகிறவன் நான். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் படுத்திருந்தார்.

"தெரியலீங்க" என்றேன். பெரியவர் என்னைச் சற்று ஏமாற்றத்தோடு பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வாய் திறக்காத ஒரு குழந்தையின் முன்னால், காரணம் தெரியாமலே பொறுத்து உட்கார்ந்திருக்கும் துணிவு எனக்கு அவரிடமிருந்து வந்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவர் ஏன் அவராக இருந்தார் என்பதை மட்டும், யார் கேட்டாலும், நான் விளக்கப்போவதில்லை.