மருமகனின் சைடரும் என் நாக்கும்

என் மருமகன் வெள்ளைக்காரர். மகள் இங்கிலாந்தில் தாதியாக வேலை செய்தபோது அவரைக் கட்டினாள். ஒரு காய்ச்சலில் விழுந்து எழும்பியதிலிருந்து அவருக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. அந்த நிலையில்தான், மட்டக்களப்பில் என் வீட்டில் வந்து நின்ற நாட்களில், சைடர் போடப்போவதாகச் சொன்னார்.

சைடர் என்றால் அப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் மது. அவருடைய அப்பா வருடந்தோறும் தோட்டத்து அப்பிளில் போடுவாராம். அப்பா போன வருடம் இறந்துவிட்டார். இங்கே அப்பிள் மரத்துக்கு எங்கே போவது? டவுணில் பெட்டி பெட்டியாக அப்பிள் சாறு வாங்கி வந்தார். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையிலிருந்து எனக்கு வந்திருந்த காட்டுத்தேனைக் கேட்டு வாங்கி அதற்குள் ஊற்றினார். ஈஸ்ட் தூவி, வாளியை மூடி, குளியலறைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி, ஈரச்சாக்கால் சுற்றினார். எங்கள் வெக்கை அதற்கு ஆகாதாம்.

மகள் வயிற்றில் பிள்ளையோடு வந்திருந்தாள். அவள் வாயில் வைக்கக் கூடாது. ருசி பார்க்க வீட்டில் மிச்சம் நான்தான். தேவாலயத்தில் திருவிருந்தின்போது தரும் ஒரு மிடறு திராட்சை மதுவைத் தவிர எந்த மதுவும் குடித்தறியாதவள்.

நுரை அடங்கியதும் ஒரு கரண்டி அள்ளி நீட்டினார்.

"புளிக்குது மகள். இனிப்பெல்லாம் போயிட்டு. பழுதாப் போச்சு போல" என்றேன்.

மகள் அதை இங்கிலிசில் சொன்னதும் அவர் கைதட்டினார்.

"இனிப்புப் போனாத்தான் நல்லமாம் அம்மா."

பிறகு ஹொப்ஸ் என்ற காய்ந்த பச்சைப் பூக்களைத் துணியில் கட்டி அமிழ்த்தினார். பியருக்குக் கைப்பும் வாசமும் கொடுக்கிற பூவாம். சில நாட்களில் மறுபடி கரண்டி வந்தது. இந்த முறை எனக்கே பிடித்திருந்தது.

"நல்ல வாசம் மகன். தேசிக்காய்த் தோல் மாதிரி இரிக்கு."

மகள் அதைச் சொன்னதும் மருமகனின் முகம் வாடிவிட்டது. அவருடைய அப்பா போட்டது எலுமிச்சை மணக்காதாம், புல் மணக்குமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழுது என்றால் சிரிக்கிறார், நல்லது என்றால் கவலைப்படுகிறார்.

"அவர்ர அப்பாட சைடர நீ குடிச்சிரிக்கியா?" என்று மகளைக் கேட்டேன்.

"ஒருக்கா. ருசி ஞாபகமில்லம்மா."

அவர் பூ முடிச்சை வெளியே எடுத்துவிட்டுப் போத்தல்களில் அடைத்தார். அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம், வீட்டு வளவில் உட்கார்ந்து ஒன்றைத் திறந்தோம். வாவிப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. அவர் முதலில் குடித்தார். முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் குடித்தேன். மூக்கு வரைக்கும் குமிழி ஏறியது.

"என்னெண்டு சொல்லுற... தேன் போத்தலக் கழுவின தண்ணி மாதிரி. தேன்ட மணம் இரிக்கு, தேன் இல்ல."

சொன்னதும் வெட்கமாகிவிட்டது. மகள் தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள். அவர் கண் கலங்கியது. ஏதோ நீளமாகப் பேசினார்.

"என்னவாம்?"

"அப்பா செத்த பிறகு அவர்ர கோட்ட எடுத்து மணந்து பார்த்தாராம். ஒரு மணமும் வரல்லியாம்."

"நான் சொன்னது அப்ப சரியா, பிழையா?"

மகள் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார்.

"அவருக்கும் தெரியாதாம் அம்மா."

நான் குவளையை முடித்தேன். தலை லேசாகச் சுற்றியது. அவர் தன்னுடையதில் பாதியை எனக்கு ஊற்றினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.