அத்தை வைத்த வன்மம்

லாரியை விட்டு இறங்கி வெகுநேரம் ஆன பிறகும் அப்பாவின் சட்டையில் டீசல் வாடை அடிக்கும். நாமகிரிப்பேட்டையில் அத்தை மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமனான அப்பா மடியில் உட்காரவேண்டிய குழந்தையை யாரோ ஒரு பங்காளியின் மடியில் உட்காரவைத்தார்கள். லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போயிருந்த அப்பா, காதும் குத்தி, பந்தியும் முடிந்த பிறகு அந்த வாடையோடு போய் நின்றார். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எங்களுக்குக் கிலியாக இருந்தது.

“கோவமுன்னா நாலு நாள்ல வடிஞ்சுருமுங்க. உங்கக்கா வன்மம் வெச்சுட்டாங்க” என்றார் அம்மா.

கோபம் வரும், போகும். வன்மத்தை மட்டும் எங்கள் பக்கம் ‘வெச்சுக்குவாங்க’, நகையைப் போலப் பத்திரமாக. அகராதி அதைப் பகை என்கிறது. எனக்கு அந்தப் பொருள் போதவில்லை.

பிறகு சித்தப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவளைச் சேர்த்து நிறுத்திச் செய்யும் ‘இணைச்சீர்’ இல்லாமல் எங்களில் கல்யாணம் கிடையாது. அத்தை வராவிட்டால் வேறொருத்தியை நிறுத்தவேண்டும். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்கோ அத்தை வேண்டும். மண்டப வாசலைவிட்டு நான் நகரவேயில்லை.

அத்தை வந்தார். அப்பாவை ஏறெடுத்தும் பார்க்காமல், சீரை ஒரு குறையுமில்லாமல் செய்து முடித்து, பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே செருப்பை மாட்டினார். அப்பா பின்னாலேயே ஓடினார்.

“ஒரு வாய் சாப்புட்டுப் போக்கா.”

“சீரு, என்ர கடைசித் தம்பிக்கு. உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல” என்றவர், என் கன்னத்தைத் தொட்டு, “வாரேன் சாமி” என்றுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். அப்பாவும் அன்று இலையில் உட்காரவில்லை.

இன்று வன்மம் என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. ‘பிளாக் பண்ணிட்டேன்’ என்கிறார்கள். அதோடு சரி, சீருக்கும் வருவதில்லை, சாவுக்கும் வருவதில்லை. என் தம்பி என்னை அப்படித்தான் வைத்திருக்கிறான். காரணத்தைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வராது. தை மாதம் அவனுக்குக் கல்யாணம். சீருக்குச் சித்தி மகளை நிறுத்தப் போகிறானாம். நானாக அவனோடு பேசப் போவதில்லை, மன்னிக்கவும் போவதில்லை. ஆனால் அன்று விடிவதற்குள் மண்டபத்தில் இருப்பேன். அவனுக்கு அக்கா நான் ஒருத்திதான்.