நான் பிறந்த காம்பராவின் நாய்

பதுளை டவுனில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சந்தையில் முட்டைக்கோவா மூட்டை தூக்கினவன், இன்றைக்கு மாடிக் கடைக்கும் மரக்கறி லொறிகளுக்கும் சொந்தக்காரன். யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தேன். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். அப்படிப்பட்டவனைத் தேயிலைத் தோட்டத்து லயத்து நாய் ஒன்று கடித்துவிட்டது.

பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது நடந்தது. டவுனில் வைக்கவேண்டிய பெரிய மனிதர்களுக்கெல்லாம் வைத்து முடித்து, கடைசியாகப் பசறைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்குப் புறப்பட்டேன். பட்டு வேட்டி, தட்டில் சந்தனம், குங்குமம், மஞ்சள் தடவின பத்திரிகை.

"லயத்துக்குப் போக பட்டு வேட்டி எதுக்குங்க, வழியெல்லாம் சேறா இருக்கும்" என்றாள் மனைவி.

"அவங்க பார்க்கத்தானே கட்டுறேன்" என்றேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கிற லயம் அப்படியே இருந்தது. தகரம் மட்டும் மாறியிருந்தது. அதன் கடைசி வீடான தொங்கல் காம்பராவில்தான் நான் பிறந்தேன். இப்போது அதில் ஒரு விதவை இருக்கிறாள். கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். மகன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான்.

லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் காம்பராவுக்குப் போனால் வாசலில் நின்று, "வீட்டுல யாருங்க" என்று குரல் கொடுத்து, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் இஸ்தோப்பில் கால் வைக்கவேண்டும். காம்பராவுக்கு முன்னால் விறகும் கூடையும் கிடக்கிற சின்னத் தாழ்வாரம்தான் இஸ்தோப்பு. நான் குரல் கொடுக்கவில்லை. பிறந்த வீட்டுக்குள் போக எவன் கூப்பிட்டுக்கொண்டு நிற்பான்? தட்டோடு நேரே ஏறினேன். விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு செவலை நாய் எழும்பியது. ஒரு தரம் குரைத்தது. அடுத்தது என் கெண்டைக்கால்.

சந்தனமும் குங்குமமும் இஸ்தோப்பெல்லாம் சிதறின. அவள் ஓடிவந்து நாயை விரட்டி, சோப்புப் போட்டு என் காலைக் கழுவினாள். பல் லேசாகத்தான் பதிந்திருந்தது. கழுவிக்கொண்டே சொன்னாள், "மன்னிச்சுக்கங்க மொதலாளி. ஒரு கொரல் குடுத்திருந்தா புடிச்சிருப்பேனே."

கடியைவிட அந்தப் பேச்சுதான் சுருக்கென்று ஏறியது. அதற்குள் லயமே கூடிவிட்டது. "நான் யாருன்னு காட்டுறேன்" என்றேன். "பதுளை கோர்ட்டுல லோயரை வச்சு இழுக்கிறேன். உங்க தோட்டக் கம்பெனியையும் சேர்த்து இழுக்கிறேன்." பத்திரிகையை வைக்காமலே நொண்டிக்கொண்டு வந்து வேனில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். டாக்டர் பிள்ளை நல்ல பிள்ளை. "காயம் சின்னது ஐயா. ஆனா அந்த நாயை ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளும் கண்ணுல வச்சிருங்க. அது நல்லா இருந்தா உங்களுக்கும் பயமில்லை. செத்தாலோ காணாமப் போனாலோ உடனே வந்து சொல்லுங்க" என்றது.

அங்கிருந்து நேரே கோர்ட்டடிக்குப் போனேன். அங்கே அறை வைத்திருக்கிற வக்கீல் தம்பி என் கடைக்கு வந்துபோகிறவர். வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார், "அந்த அம்மா மேல வழக்குப் போட்டு ஒண்ணும் வராதுங்க ஐயா. ஆனா லயம் கம்பெனியோடது. கம்பெனிக்குக் கடிதம் போட்டா அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும். போடுறதா வேணாமான்னு யோசிச்சு சொல்லுங்க."

எனக்கு அது பிடித்துப்போனது. அந்தத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் என் அப்பா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்றைக்கு அதே ஆபீஸ் மேசையில் என் பேர் போட்ட கடிதம் போய் விழும், தோட்டத்து மேனேஜர் துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார். "போடு தம்பி" என்று வாய் வரை வந்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். இரக்கத்தால் அல்ல. அதற்கு முன்னால் சந்தையில் நாலு பேருக்குச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

"நாய் ஒரு தரந்தான் கொரைச்சுச்சு. நீங்க இன்னும் நிறுத்தலையே" என்றாள் மனைவி.

டாக்டர் சொன்னபடி நாயைப் பார்த்துவர என் லொறி டிரைவரை அனுப்பினேன். அவனும் அதே லயத்துக்காரன். போய்விட்டு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நாய் இல்லையாம் மொதலாளி."

"இல்லைன்னா? செத்துப்போச்சா?"

"அப்படி இல்லைங்க. அந்த லயத்துல நாயே வளர்க்கிறதில்லையாம்."

டாக்டர் பிள்ளை சொன்ன 'காணாமப் போனாலோ' ஞாபகம் வந்தது. நான் சின்னவனாக இருந்தபோது எங்களுக்கு அடுத்த காம்பராவில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் ஒருவரை வெறிநாய் கடித்தது. லயத்து நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டு இருமல் எல்லா வீட்டுக்கும் கேட்கும். அவருக்குத் தாகம் எடுத்ததும், அவர் சம்சாரம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்ததும், செம்புத் தண்ணீரைக் கண்ட பயத்தில் அவர் போட்ட சத்தமும் எங்களுக்குச் சுவர் தாண்டி வந்தன. அந்தச் சத்தத்தை நான் யாருக்கும் செய்து காட்டினதில்லை.

டாக்டர் பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். ஊசிகளைத் தவறாமல் போட்டுக்கொண்டால் பயப்படவேண்டியதில்லை என்றது. ஊசி உடம்பில் ஏறியது, மனதில் ஏறவில்லை. கடையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் தொண்டை இறுகுகிறதா என்று பார்ப்பேன். மடக்கு மடக்காகக் குடித்து, நிறுத்தி, மறுபடியும் குடிப்பேன். கடைப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த நேரம் பார்த்து வக்கீல் தம்பி எனக்குப் போன் எடுத்தார். நாய் காணாமற்போனதைச் சொன்னேன். "ஒளிச்சு வச்சிருக்காங்க ஐயா. அது நல்லதுதான், வழக்கு இன்னும் பலமாகும்" என்றார்.

வழக்குக்கு நல்லது. எனக்கு?

மறுநாள் காலையில் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடேயே வேனில் ஏறினேன். நமுனுகுலை மலைப் பக்கம் முழுதும் மூடுபனி. தொங்கல் காம்பராக் கதவு சாத்தியிருந்தது. கோயிலடியில் தோட்டத் தலைவர் நின்றார், லயத்துக்காரர்களுக்காக ஆபீசில் போய்ப் பேசுகிறவர். அவருக்குப் பின்னால் அந்த விதவை.

"நாய் எங்கே?" என்றேன்.

"எந்த நாய்ங்க?" என்றார் தலைவர்.

"என்னைக் கடிச்ச நாய்."

"அடடா, மொதலாளியை நாய் கடிச்சிருச்சா? எப்பங்க?"

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் கத்துவேன் என்று நினைத்திருப்பார்கள். கத்தத் தெம்பில்லை. "எனக்கு அதைப் பார்க்கணும்" என்றேன். "உசிரோட இருக்கான்னு மட்டும் பார்க்கணும்."

அப்போதுதான் அவள் முன்னால் வந்தாள். "என் காம்பராவுல இப்ப தோட்டத்துல பேர் பதிஞ்ச ஆளு யாருமில்லைங்க. காம்பராவைப் புடுங்க ஆபீசுல ஒரு சாக்குக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. ஒங்க லோயர் கடுதாசி வந்தா நாய் மட்டுமா வெளிய போகும்?"

"சரி, கடுதாசி அனுப்பல."

"அன்னைக்கு அனுப்புவேன்னீங்க. இன்னைக்கு அனுப்பலேங்கிறீங்க. நாளைக்கு?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "கற்பூரம் அடிச்சிருங்களேன், எல்லாருக்கும் நிம்மதி."

தோட்டத்தில் பெரிய வாக்கு அதுதான். மாரியம்மன் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்லவேண்டியதைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்கவேண்டும். மாறினால் அம்மன் கேட்பாள். களவு போன வீட்டிலும், குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடமும் கேட்கிற சத்தியம். என்னிடம் கேட்டார்கள்.

"என் வார்த்தையை நம்பிப் பதுளையில பேங்க்காரன் வீடு தேடி வர்றான்" என்றேன்.

"அது பதுளையிலங்க" என்றாள் அவள்.

நான் கோயிலையும் பார்த்தேன், வேனையும் பார்த்தேன். வேனில் ஏறினால் வக்கீல், கடிதம், துரையின் கண்ணாடி, சந்தையில் பேர். அத்தோடு கடைசி வரைக்கும் அந்தச் செம்புத் தண்ணீர். செருப்பைக் கழற்றினேன். "இந்த நாய் விஷயத்துல நான் லோயர் வைக்கல, ஆபீசுக்கும் எழுதல" என்று சொல்லி அடித்தேன். உள்ளங்கை சுட்டுக் கொப்பளித்தது. தலைவர் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

நாய் மடுல்சீமையில் அவளுடைய தங்கை வீட்டில் இருந்ததாம். "அந்த ரோட்டுல பஸ்ஸே ஒழுங்கா ஓடாதே, எப்படிக் கொண்டு போனீங்க?" என்று கேட்டேன்.

தலைவர் தரையைப் பார்த்தார். "ஒங்க லொறியிலதாங்க. லீக்ஸ் மூட்டை ஏத்தப் போனப்போ."

டிரைவர் தலையைச் சொறிந்தது இப்போதுதான் புரிந்தது. அவனை ஒன்றும் கேட்கவில்லை. அதே லொறியில் மறுநாள் நாய் திரும்பி வந்தது.

பார்க்கப் போனேன். வாசலில் நின்றேன். கால் தன்பாட்டுக்கு இஸ்தோப்பில் ஏறப்பார்த்தது. நிறுத்தி, "வீட்டுல யாருங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"யாரு?"

"நான்தான். பத்திரிகை கொண்டாந்திருக்கேன்."

"நில்லுங்கண்ணே, நாயைப் புடிச்சிக்கிறேன்" என்றாள்.

தூணில் கட்டினாள். அது என்னைப் பார்த்து உறுமியது. "அதுக்குத் தண்ணி வை" என்றேன். சிரட்டையில் வைத்தாள். நாய் மோந்து பார்த்தது. பிறகு சளக் சளக்கென்று நக்கிக் குடித்தது. "இன்னொரு தரம் வை" என்றேன். அதையும் குடித்தது.

"இன்னுமா?" என்றாள். "வயிறு வெடிச்சிரும்ணே."

அன்றிலிருந்து தினமும் போய்க் குரல் கொடுத்து, நின்று, அது குடிப்பதைப் பார்த்துவிட்டு வருகிறேன். டாக்டர் சொன்ன ரெண்டு கிழமைக் கெடு இன்னும் முடியவில்லை; அதுவரை நாயைக் கண்ணில் வைத்திருக்க அவளிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்குள் கல்யாணம் வருகிறது. சந்தையில் வழக்கு என்ன ஆனது என்று கேட்கிறார்கள். பெரிய இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். பொய் இல்லை, அம்மனைவிட எது பெரிய இடம்?

நேற்று அவளிடம், "கல்யாணத்துக்கு வருவேதானே?" என்று கேட்டேன்.

"நாயை யாருகிட்ட விட்டுட்டு வர்றது? கண்ணுல வச்சிருக்கச் சொன்னது நீங்கதானே" என்றாள்.

அதையும் கூட்டிக்கொண்டு வா என்று வாய் வரை வந்தது. சம்பந்தி வீட்டார் பெரிய இடம். மண்டப வாசலில் வெள்ளை வேட்டிகளெல்லாம் நிற்கும். நாய் தூணோடு சுருண்டு படுத்து, ஒரு கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.